ரெய்டு: தமிழில் ஈடுசெய் வட்டணி

செய்தித்தாளில் ரெய்டு என்றால் வருமான வரிச் சோதனை. சர்வர் அறையில் சொல்லும் ரெய்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இது தரவைச் சேமிக்கும் பல வட்டுகளை (டிஸ்க்) ஓர் அணியாகச் (அரே) சேர்த்து இயக்கும் முறை; பெயர் ‘ரிடண்டண்ட் அரே ஆஃப் இன்எக்ஸ்பென்சிவ் டிஸ்க்ஸ்’ என்பதன் முதலெழுத்துச் சுருக்கம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இது இருக்கிறது. பெரிய கணினிகளுக்கான ஒற்றை வட்டு அப்போது யானை விலை. மேசைக் கணினிகளுக்கான சின்ன வட்டுகள் மலிவு. மலிவான வட்டுகள் பலவற்றைச் சேர்த்தால் வேகம் கிடைக்கும். ஆனால் எண்ணிக்கை கூடக்கூட, ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் வாய்ப்பும் கூடும். அதைச் சமாளிக்க வந்ததுதான் முதல் சொல்லான ரிடண்டண்ட், அதாவது கூடுதலாக வைத்திருப்பது. பிற்பாடு ‘மலிவான’ என்று பொருள்படும் இன்எக்ஸ்பென்சிவ் போய், ‘தனித்தனியான’ என்று பொருள்படும் இன்டிபெண்டண்ட் வந்தது.

தமிழில் வட்டு பழைய சொல். நற்றிணையின் 3ஆம் பாட்டில் சிறுவர்கள் வேப்பமர நிழலில் நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். அணி என்றால் வரிசை. அணிவகுப்பில் இருப்பதும் அதுதான். ஆக, வட்டணி என்பதில் சிக்கல் இல்லை.

சிக்கல் ரிடண்டண்ட்டில். அதை ‘மிகை’, ‘உபரி’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். இரண்டுமே தேவைக்கு மேல் கிடப்பது என்ற எண்ணத்தைத் தருகின்றன. இங்கே அந்தக் கூடுதல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ரெய்டில் எண்ணிட்ட பல நிலைகள் உண்டு; அவற்றில் ஒன்றான ரெய்டு 5இல் மூன்று வட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். ஓர் இடத்தில் முதல் வட்டில் 1, இரண்டாவதில் 0. மூன்றையும் சேர்த்து எண்ணினால் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரவேண்டும் என்பது விதி; அதனால் மூன்றாவதில் 1 எழுதப்படுகிறது. முதல் வட்டு செத்துவிட்டது, சரி. மிச்சமிருப்பது 0, 1. இரட்டைப்படை ஆக வேண்டுமென்றால் போனது 1தான். இப்படியே முழு வட்டையும் மீட்டுவிடலாம். ஒன்றின் இழப்பை மற்றவை ஈடுசெய்கின்றன. எனவே ‘ஈடுசெய் வட்டணி’ என்பதே பொருத்தம் என்பேன்.

லினக்ஸ் இயங்குதளத்தில் இதைக் கட்டளை வரியிலிருந்து நடத்தும் கருவி எம்டிஆட்ம் (mdadm). எம்டி என்பது ‘மல்டிபிள் டிவைசஸ்’, அதாவது பல சாதனங்கள். ஆட்ம் என்பது நிர்வாகத்தின் சுருக்கம். நிரலாளர் நீல் பிரவுன் 2001இல் எழுதியது. அணியின் நலம் அறிய ப்ராக் அடைவிலுள்ள எம்டிஸ்டாட் கோப்பைத் (/proc/mdstat) திறந்தால் போதும். எல்லாம் நலமென்றால் சதுர அடைப்புக்குள் வட்டுக்கு ஒன்றாக யூ என்ற எழுத்து வரிசையாக நிற்கும். ஒரு வட்டு விழுந்தால் அதன் இடத்தில் வெறும் அடிக்கோடு. அப்புறம் ஃபெயில், ரிமூவ், ஆட் என்று மூன்று கட்டளைகள்: கெட்டதைக் கெட்டதென்று குறி, அணியிலிருந்து நீக்கு, புதியதைச் சேர். நீக்குவதற்கு முன் வட்டின் தொடர் எண்ணைச் சரிபார்த்தே ஆகவேண்டும். மூன்றில் ஒன்று ஏற்கெனவே போயிருக்கும்போது நல்ல வட்டைக் கழற்றிவிட்டால், அங்கேயே அணி நின்றுவிடும்.

சிலர் ‘காப்பு வட்டணி’ என்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். காப்பு என்றதும் காப்புநகல் (பேக்கப்)தான் நினைவுக்கு வரும். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அது அணி முழுவதிலும் அந்த நொடியே அழிந்துபோகும். ஈடுசெய்ய அங்கே எதுவும் இல்லை. கெட்டுப்போன வட்டுக்கு மட்டுமே அணி ஈடு கொடுக்கும். அதிலும் ரெய்டு 0 தரவைத் துண்டுபோட்டுப் பரப்புவதோடு சரி; ஒரு வட்டு போனால் அணியே போச்சு. 1988 கட்டுரை வகுத்தவை 1 முதல் 5 வரையிலான நிலைகள் மட்டுமே. 0 பின்னால் சேர்ந்தது. அதை வெறுமனே வட்டணி என்றே எழுதலாம்.