உப்பில் தழைக்கும் பிள்ளை

வாலிநோக்கம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “உப்பளத்தை ஒட்டி இரண்டு ஏக்கர் சும்மா கிடக்கிறது. உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடிதான் முளைக்கிறது. சூரியகாந்தி போடலாமா?”

எந்தச் சூரியகாந்தி என்று கேட்கத் தோன்றுகிறது. நாம் எண்ணெய்க்கு விதைப்பது ஹீலியாந்தஸ் ஆனுவஸ். தாயகம் வட அமெரிக்கா; அங்கே காட்டுச்செடியாகக் களிமண் நிலத்தில் வளரும். அதன் பங்காளி பெட்டியோலாரிஸ். இலையும் பூவும் சிறுசு, மணற்பாங்கான இடம்தான் பிடிக்கும். இரண்டுக்கும் 17 ஜோடி குரோமோசோம்கள். இரண்டுக்குமே உவர் நிலம் ஆகாது.

ஆனால் இந்த இரண்டும் எப்போதோ கலந்து பிறந்த மூன்றாவது இனம் ஒன்று, டெக்சாஸ், நியூ மெக்சிகோவின் உப்புச் சதுப்புகளில் தழைக்கிறது. 1958இல் அதற்கு வைத்த பெயர் பாரடாக்சஸ், அதாவது முரண். பெற்றோர் வாடுகிற உப்பில் பிள்ளை எப்படி நிற்கிறது?

வடம் இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பைத் தாங்குவது ஒற்றை மரபணுவின் வேலை அல்ல. ஆனுவஸில் சில மரபணுக்கள் உப்புக்கு எதிராக இழுக்கும்; வேறு சில உப்பின் பக்கம் போய் நின்றுகொள்ளும். பெட்டியோலாரிஸிலும் இதே கதைதான், ஆட்கள்தான் வேறு. அதனால் இரண்டு வீட்டிலும் வடம் நகர்வதில்லை. கலந்து பிறப்பவை பெரும்பாலும் மலடு. தப்பிய சிலவற்றின் வாரிசுகளில் ஏதோ ஒன்றுக்கு இரண்டு வீட்டுக் கெட்டிக்காரர்களும் ஒரே பக்கம் வந்து சேர்கிறார்கள். வடம் சரசரவென்று நகர்கிறது!

இது வெறும் ஊகமில்லை. தாவரவியலாளர் லோரன் ரீஸ்பெர்க் குழுவினர் அதே பெற்றோரை மறுபடி கலந்து, வாரிசுகளை நியூ மெக்சிகோ உவர் நிலத்திலேயே நட்டுப் பார்த்தார்கள். சோடியத்தை ஒதுக்கி, கால்சியத்தைக் கூடுதலாக எடுத்த செடிகளுக்கே அங்கே வாழ்வு கிடைத்தது. பாரடாக்சஸுக்கு இன்னொரு உத்தியும் உண்டு: உப்பு ஏற ஏற இலை தடித்துத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். உமரி இலையை நசுக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் கரையின் உமரிக்கும் இப்படி ஆண்டுக்கணக்கில் ஆய்வுப் பணம் ஒதுக்கலாம். களைச்செடிக்கு எதற்குக் காசு என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

சரி, உங்கள் இரண்டு ஏக்கர். கடையில் கிடைப்பது ஆனுவஸ் விதைதான். லேசான உப்பைத் தாங்கும், அவ்வளவே. முதலில் மண்ணைச் சோதனைக்குக் கொடுங்கள். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே உவர் நிலம் என்பார்கள். உமரி மட்டுமே முளைக்கிறது என்றால் அதற்கு மேலேயே இருக்கும் என்பது என் எண்ணம். விதைக்காசை வீணாக்காதீர்கள்.