யூனிட்டுக்கு 46 டாலர்: கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்ல யார் சேரலாம், எவ்வளவு ஆகும்

கலிபோர்னியால ப்ரீமான்ட், சன்னிவேல், டப்ளின் பக்கம் கல்யாணமாகி புதுசா வந்து இறங்குற பொண்ணுங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது இதுதான்: "அக்கா, நான் எச்-4ல இருக்கேன், இங்க படிக்க முடியுமா, ரொம்ப செலவாகுமா?" முடியும்மா. எச்-4ல (எச்-1பி வேலை விசால இருக்கறவங்களோட குடும்பத்துக்கான விசா) இருக்கறவங்க எப்-1 ஸ்டூடன்ட் விசாவுக்கு மாறாமலே பார்ட் டைமாவோ ஃபுல் டைமாவோ படிக்கலாம், அதுக்கு தனி பர்மிஷன் எதுவும் வேண்டாம். செலவும் நீங்க பயப்படற அளவுக்கு இல்ல, ஆனா ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே சரி பண்ணிக்கணும், அதைத்தான் இதுல விலாவாரியா சொல்லப்போறேன்.

கலிபோர்னியால மொத்தம் 116 கம்யூனிட்டி காலேஜ் (பெரும்பாலும் ரெண்டு வருஷப் படிப்புக்கான காலேஜ்) இருக்கு, எல்லாமே அரசு காலேஜ், வருஷத்துக்கு சுமார் 20 லட்சம் பேர் படிக்கறாங்க. சான் பிரான்சிஸ்கோவைச் சுத்தின பே ஏரியால நம்மாளுங்களுக்கு தெரிஞ்சது குப்பர்டினோல டி ஆன்சா, ப்ரீமான்ட்ல ஓலோனி, சான்டா கிளாரால மிஷன், லிவர்மோர்ல லாஸ் பொசிடாஸ். கலிபோர்னியா ரெசிடென்ட்டுக்கு கிட்டத்தட்ட எல்லாத்துலயும் ஒரே பீஸ்தான், ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (யூனிட்ங்கறது கோர்ஸோட அளவைச் சொல்ற கணக்கு) 46 டாலர், 2012ல இருந்து இது ஏறவே இல்ல. ஒரு கோர்ஸ் பெரும்பாலும் 3 இல்ல 4 யூனிட் வரும், அப்போ ஒரு கோர்ஸ் 138ல இருந்து 184 டாலர். ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரிக்கு 60 யூனிட், அதுக்கு மொத்தமே 2,760 டாலர். கால் ஸ்டேட்னு சொல்ற சிஎஸ்யூ அரசு யூனிவர்சிட்டில ஒரே வருஷ ட்யூஷன் 2025-26ல 6,450 டாலர், இதை பக்கத்துல வெச்சு பாருங்க. டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறைல (செமஸ்டரை விட சின்ன டெர்ம்) போகும், அங்க யூனிட்டுக்கு 31 டாலர், டிகிரிக்கு 90 யூனிட், கூட்டிப்பாத்தா கிட்டத்தட்ட அதே கணக்குதான் வரும்.

இப்போ அந்த முக்கியமான விஷயம், ரெசிடென்சி, அதாவது உங்களை கலிபோர்னியாவாசின்னு காலேஜ் ஏத்துக்கறது. 46 டாலர் ரெசிடென்ட்டுக்கு மட்டும்தான். ரெசிடென்ட் இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா அதே யூனிட்டுக்கு மேல இன்னும் சில நூறு டாலர் கட்டணும், அது காலேஜுக்கு காலேஜ் மாறும். விதி என்னன்னா, கிளாஸ் ஆரம்பிக்கற நாளுக்கு முந்தின நாள் கணக்குப்படி நீங்க கலிபோர்னியால ஒரு வருஷமும் ஒரு நாளும் இருந்திருக்கணும், இங்கயே தங்கற எண்ணத்தோட இருந்தேன்னு காட்டவும் பேப்பர் வேணும். எச்-1பி, எச்-4, எல்-2 விசால இருக்கறவங்க இப்படி ரெசிடென்சி வாங்கலாம். எப்-1, பி-2 டூரிஸ்ட் விசால இருக்கறவங்களுக்கு எத்தனை வருஷம் இருந்தாலும் கிடையாது.

நான் முதல் தடவை சேர்ந்தப்ப பில்லைப் பாத்து ஆடிப்போயிட்டேன், ஒரே ஒரு 4 யூனிட் அக்கவுன்டிங் கோர்ஸுக்கு ஆயிரத்து சொச்சம் டாலர் காட்டுச்சு, நான் வந்து ஒன்றரை வருஷம் ஆயிருந்தும் சிஸ்டம் என்னை வெளியாள்னு போட்டு வெச்சிருந்துச்சு, நல்லவேளை கட்டாம நேரா அட்மிஷன்ஸ் கவுன்டருக்கு போனேன். பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்ததுக்கான பதிவு), என் பேரும் இருந்த வீட்டு லீஸ், வீட்டுக்காரரோட சேர்ந்து ஃபைல் பண்ண ஸ்டேட் டாக்ஸ் ரிட்டர்ன், என் டிரைவர் லைசென்ஸ், எல்லாம் காட்டினதும் மாத்திக் குடுத்துட்டாங்க. அதனால வந்த முதல் மாசத்துலயே லீஸ்லயும் பேங்க் அக்கவுன்ட்லயும் உங்க பேரையும் சேர்த்துக்கோங்க, எல்லாம் வீட்டுக்காரர் பேர்லயே இருந்தா ஒரு வருஷம் கழிச்சு நீங்க இங்க இருந்தீங்கன்னு காட்ட ஒரு துண்டு பேப்பர் கூட இருக்காது.

எச்-4ல இருக்கற பிள்ளைங்க விஷயத்துல ஒரு எச்சரிக்கை. கிரீன் கார்டு க்யூ நமக்கு எவ்வளவு நீளம்னு தெரியும், 21 வயசு ஆனதும் அந்தப் பிள்ளைக்கு எச்-4 முடிஞ்சுடும், எப்-1க்கு மாறினா ரெசிடென்ட் பீஸும் போயிடும். 18 வயசுல சேரற பிள்ளைன்னா அந்த மூணு வருஷத்துக்குள்ள எதை முடிக்கலாம்னு உக்காந்து கணக்கு போடுங்க, இதை யாருமே முன்கூட்டி யோசிக்கறதில்ல.

பீஸ் தவிர ஹெல்த் பீஸ், பார்க்கிங், ஸ்டூடன்ட் ரெப்ரசென்டேஷன் பீஸ்னு 2 டாலர், இப்படி சில்லறை வரும். நிஜமா கடிக்கறது புக்குதான், ஒரு கெமிஸ்ட்ரி புக்கே கோர்ஸ் பீஸைத் தாண்டிடும். கிளாஸ் லிஸ்ட்ல "ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்"னு குறி போட்ட செக்‌ஷனா பாத்து எடுங்க, அதுல புக் செலவே இல்ல.

சிட்டிசனோ கிரீன் கார்டோ இருந்து வருமானம் கம்மின்னா கண்டிப்பா பாஃப்சா (அரசு படிப்பு உதவிக்கான அப்ளிகேஷன்) போடுங்க. கலிபோர்னியா காலேஜ் ப்ராமிஸ் கிரான்ட் கிடைச்சா அந்த 46 டாலர் மொத்தமா தள்ளுபடி, பார்ட் டைமா படிச்சாலும் உண்டு, திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனா ரெண்டு செமஸ்டர் தொடர்ந்து சராசரி கிரேடு (ஜிபிஏ) 2.0க்கு கீழ போனாலோ, எடுத்த யூனிட்ல பாதிக்கு மேல முடிக்கலைன்னாலோ அது நின்னுடும். இதே மாதிரி பேர்ல ப்ராமிஸ் ப்ரோக்ராம்னு இன்னொண்ணு இருக்கு, முதல் தடவை காலேஜ் வந்து செமஸ்டருக்கு 12 யூனிட் எடுக்கறவங்களுக்கு பல காலேஜ்ல ரெண்டு வருஷ பீஸ் இல்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. எச்-4க்கு பாஃப்சா கிடையாது. ஆனா சொந்தக் காசு கட்டி படிச்சா அந்த வருஷ டாக்ஸ்ல லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் கேக்க முடியுமான்னு பாருங்க, கட்டினதுல 20 சதவீதம், ஒரே ஒரு கோர்ஸ் எடுத்தாலும் உண்டு, வருமான வரம்பு இருக்கு. நீங்க கட்டின பீஸைக் காட்டி காலேஜ் அனுப்பற 1098-டி ஃபார்மை தூக்கிப் போட்டுடாதீங்க.

சேர்றது சுலபம். 18 வயசு ஆயிருந்தாலே போதும், எந்த என்ட்ரன்ஸும் இல்ல, ஆன்லைன்ல சிசிசி அப்ளைன்னு ஒரு அப்ளிகேஷன், அதுக்கு காசு கிடையாது. கஷ்டம் கிளாஸ்ல சீட் பிடிக்கறதுலதான். ஓரியன்டேஷன் முடிச்சு கவுன்சிலரோட எஜுகேஷன் ப்ளான் போட்டவங்களுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் தேதி முன்னாடி வரும், போடாதவங்க கடைசில நிப்பாங்க. வெயிட்லிஸ்ட்ல இருந்தா முதல் கிளாஸுக்கு எப்படியாவது போயிடுங்க, வராதவங்களை தூக்கிட்டு வந்தவங்களுக்கு ஆட் கோட் (கிளாஸ்ல சேர்றதுக்கான நம்பர்) குடுப்பாங்க.

என்ன படிக்கறதுன்னு கேட்டா, நம்ம பொண்ணுங்க நிறைய பேர் போறது குழந்தைங்க கல்வி பக்கம். 12 யூனிட் ஏர்லி சைல்ட்ஹுட் முடிச்சா லைசென்ஸ் உள்ள ப்ரீஸ்கூல்ல டீச்சரா சேரறதுக்கான படிப்புத் தகுதி வந்துடும், ஆனா வேலைக்குப் போக எச்-4 ஈஏடி (வேலை செய்யற பர்மிட்) வேணும். ஊர்ல பி.காம் படிச்சவங்க சிபிஏ ஆடிட்டர் லைசென்ஸுக்கு குறையற அக்கவுன்டிங் யூனிட்டை இங்க எடுத்து நிரப்பறாங்க. நர்சிங்னா அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி முதல்ல முடிக்கணும், அதுக்கப்புறமும் சீட்டுக்கு போட்டி அதிகம். சில காலேஜ்ல இப்போ நாலு வருஷ பேச்சிலர்ஸ் டிகிரியே இருக்கு, ஃபுட்ஹில்ல டென்டல் ஹைஜீன், டி ஆன்சால ஆட்டோமோட்டிவ். கடைசி ரெண்டு வருஷ கோர்ஸுக்கு செமஸ்டர் யூனிட்டுக்கு 84 டாலர் கூட, நாலு வருஷமும் சேர்த்து சுமார் 10,560 டாலர்ல டிகிரி.

கிரீன் கார்டுல வந்திருக்கற அம்மா, மாமியாருக்கு இங்கிலீஷ் கத்துக்கணுமா, நான்கிரெடிட் ஈஎஸ்எல் (டிகிரி கணக்குல வராத இங்கிலீஷ்) கிளாஸ்ல சேருங்க, பீஸே இல்ல. என் மாமியார் போய்ட்டு வந்து ஃபார்மசில அவங்களே பேசி மருந்து வாங்கினப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. ஹை ஸ்கூல் பிள்ளைங்களும் ஸ்கூல் சம்மதத்தோட கோர்ஸ் எடுக்கலாம், பல காலேஜ் அவங்களுக்கு பீஸ் வாங்கறதில்ல.

பிள்ளைங்க இங்க ரெண்டு வருஷம் படிச்சுட்டு யூசிக்கு (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) மாறப் போறாங்கன்னா, முதல் செமஸ்டர்லயே அசிஸ்ட் வெப்சைட்ல உக்காந்து இந்த காலேஜோட எந்த கோர்ஸ் அந்த யூனிவர்சிட்டில எதுக்கு ஈடுன்னு பாத்துடுங்க, தெரியாம தப்பான மேத்ஸ் எடுத்து ஒரு வருஷம் போனவங்களை பாத்திருக்கேன். டேக்னு ஒரு உத்தரவாத சேர்க்கை இருக்கு, டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ்னு ஆறு யூசி கேம்பஸ்ல ஏதாவது ஒண்ணுக்கு போடலாம், பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோக்கு கிடையாது, இந்த ஆறுலயும் எல்லா மேஜருக்கும் கிடையாது. சிஎஸ்யூக்கு போறவங்களுக்கு அசோசியேட் டிகிரி ஃபார் ட்ரான்ஸ்ஃபர், அதை முடிச்சா சிஎஸ்யூ சிஸ்டம்ல ஒரு இடம் உறுதி, கேட்ட கேம்பஸே கிடைக்கும்னு இல்ல. டேக் ஃபார்ம் செப்டம்பர் 1 முதல் 30க்குள்ள போடணும், யூசி அப்ளிகேஷன் தனி, அதையும் மறக்காம போடணும், ஒண்ணு போட்டா இன்னொண்ணு தானா போகாது.