காஸ்பரோவைக் கட்டிப்போட்ட பெர்லின் சுவர்

2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்த பட்டப் போட்டியில் சக ரஷ்ய வீரர் கிராம்னிக்கை எதிர்கொண்டபோது, காஸ்பரோவ் சதுரங்க உலகச் சாம்பியனாகி 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. ராணிகள் பலகையில் இருக்கும்வரை அவருடைய தாக்குதலுக்கு ஈடுகொடுப்பது பெரும்பாடு. எனவே ராணிகளையே அப்புறப்படுத்திவிட முடிவுசெய்தார் கிராம்னிக். முதல் ஆட்டத்திலேயே கறுப்புக் காய்களுடன் அவர் கையில் எடுத்தது பெர்லின் தடுப்பாட்டம்.

‘ஸ்பானிஷ்’ எனப்படும் பிரபலமான ஆட்டத் தொடக்கத்தின் கிளை இது. மளமளவென்று காய்கள் வெட்டுப்பட்டு, எட்டாவது நகர்த்தலிலேயே இரு ராணிகளும் வெளியேறிவிடுகின்றன. வெள்ளை ராணியைக் கறுப்பு ராஜாவே வெட்ட வேண்டியிருப்பதால், அதன் பிறகு அந்த ராஜா கோட்டை கட்ட முடியாது; அதாவது, யானையுடன் சேர்ந்து ஒரே நகர்த்தலில் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள முடியாது.

பார்த்தவுடன் கறுப்பின் நிலை பரிதாபமாகத் தோன்றும். இரு தரப்பிலும் ஏழேழு சிப்பாய்கள். ராஜா பக்கத்தில், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் ராஜாக்கள் நிற்கும் பாதியில், வெள்ளைக்கு நான்கு, கறுப்புக்கு மூன்று. மறுபக்கத்தில் கறுப்புக்கு நான்கு இருந்தாலும், அவற்றில் இரண்டு ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்கின்றன. எதிர்முனையை எட்டும் சிப்பாய் ராணியாகலாம் என்பதால், வெள்ளை தன் நான்கைக் கொண்டு புதிய ராணிக்கு வழி திறக்கலாம். கறுப்பின் நான்கால் அது எளிதில் முடியாது. மற்ற காய்கள் அனைத்தும் தீர்ந்து, ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் வெற்றி வெள்ளைக்கே.

அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் பாடு. கறுப்பிடம், மூலைவிட்டமாக நடக்கும் பிஷப்புகள் இரண்டும் உள்ளன. வெள்ளையிடமோ ஒன்றுதான், அதுவும் கறுப்புக் கட்டங்களில் நடப்பது. வெள்ளையின் முன்னேறிய நடுச் சிப்பாய் கறுப்புக் கட்டத்திலேயே நின்று தன் பிஷப்பின் வழியை அடைக்கிறது. அதைச் சுற்றியுள்ள வெள்ளைக் கட்டங்களைக் காக்க ஆளில்லை. கறுப்புக் குதிரையும் பிஷப்பும் அங்கே வந்து அமர்ந்துகொண்டால் சிப்பாய்ப் படை நகராது. ராணிகள் இல்லாததால் நடுவில் நிற்கும் ராஜாவுக்கும் பெரிய ஆபத்தில்லை. என் கண்ணுக்கு, சதுரங்கத்தில் இவ்வளவு அழகற்ற, இவ்வளவு பிடிவாதமான நிலை வேறில்லை.

காஸ்பரோவ் அந்தச் சுவரில் நான்கு முறை மோதினார், நான்கும் சமன். போட்டி முழுவதிலும் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல், 6.5–8.5 என்று பட்டத்தை இழந்தார்.

2013இல் சென்னையில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் நான்காம் ஆட்டத்தில் ஆனந்துக்கு எதிராக நார்வே வீரர் கார்ல்சன் கறுப்புக் காய்களுடன் இதையே ஆடினார். கறுப்பு ஒரு சிப்பாயைக் கூடுதலாகப் பெற, ஆனந்த் 64 நகர்த்தல்கள்வரை போராடிச் சமன் செய்தார். ஆறாம் ஆட்டத்தில் ராணிகள் வெளியேறும் வழியைத் தவிர்த்து, நான்காவது நகர்த்தலில் ராணியின் முன்னிருந்த சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தினார். அந்த ஆட்டத்தில் தோற்றாலும், பெர்லினுக்கு எதிராக முன்னணி வீரர்கள் பலர் இன்று தேர்ந்தெடுப்பது அந்த அடக்கமான நகர்த்தலைத்தான்.