கைபேசி எண்ணே வைஃபை பாஸ்வேர்டு என்றால்

பைபர் இணைப்பு கொடுக்க வருபவர் பெட்டியைச் சுவரில் மாட்டி, விளக்கு பச்சையானதும், "பாஸ்வேர்டு என்ன போடட்டும்?" என்று கேட்பார். மார்த்தாண்டமானாலும் குளச்சலானாலும் பல வீடுகளில் வரும் பதில், வீட்டுக்காரரின் பத்து இலக்கக் கைபேசி எண். மறக்காது, விருந்தாளிக்குச் சொல்லவும் எளிது. ஆனால் உடைக்கத் தெரிந்தவர் கையில் அது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் தாங்கும்.

போன் ரூட்டருடன் இணையும்போது பாஸ்வேர்டு காற்றில் போவதில்லை. ரூட்டர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும், போன் தன் பங்குக்கு இன்னொன்றை அனுப்பும். பாஸ்வேர்டையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4,096 சுற்று அரைத்து, கிடைத்ததோடு அந்த இரண்டு எண்களையும் கலந்து, இரு பக்கமும் தனித்தனியே ஒரே சாவியைக் கணக்கிடும். அந்தச் சாவியால் போட்ட முத்திரை மட்டும் காற்றில் போகும். மொத்தம் நான்கு செய்திகள், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். 2004இல் வந்து இன்றும் ஏராளமான வீடுகளில் ஓடும் டபிள்யூபிஏ2 முறை இதுதான்.

ஓட்டை இங்கேதான். தெருவில் நிற்கும் வண்டிக்குள் இருந்தே ஒருவர் அந்த நான்கு செய்திகளையும் பிடித்துவிடலாம். உங்கள் போன் ஏற்கெனவே இணைந்திருந்தால், ரூட்டர் பெயரில் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று பொய்ச் செய்தி ஒன்றை விடுவார். போன் விலகி, தானே மறுபடி இணையும். அதன் பிறகு அவருக்கு உங்கள் தெருவில் வேலையே இல்லை. தன் வீட்டுக் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டு அரைத்து, அதே முத்திரை வருகிறதா என்று பார்ப்பார். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் என்ற காவல் இங்கே உதவாது, அவர் உங்கள் ரூட்டரிடம் எதையும் கேட்கவில்லையே.

இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தமே 400 கோடி எண்கள். இன்றைய நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சோதிக்கும். 4,000 விநாடியில் எல்லாமே தீர்ந்துவிடும். எட்டு இலக்கப் பிறந்த தேதியோ விநாடிக்குக்கூடக் காணாது: நூறு ஆண்டுகளுக்கும் சேர்த்து 36,525 தேதிகள்தான்.

இதற்கு மருந்து நீளம். அகராதியைக் கண்ணை மூடிப் புரட்டி, விரல் பட்ட ஐந்து சொற்களை ஆங்கில எழுத்தில் கோர்த்து எழுதுங்கள். 5,000 சொற்கள் கொண்ட பட்டியலில் இருந்து எடுத்தவை என்றே எதிராளிக்குத் தெரிந்தாலும், நான்கு சொற்கள் மேற்சொன்ன வேகத்துக்கு 20 ஆண்டு தாங்கும், ஐந்து சொற்கள் ஒரு லட்சம் ஆண்டு. சொற்களை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். குலதெய்வம், ஊர், பிள்ளை பெயரோடு பிறந்த வருடம் என்றுதான் மனம் போகும், உடைப்பவரின் பட்டியலும் அங்கேதான் தொடங்கும். 63 எழுத்து வரை வைக்கலாம்.

2018இல் வந்த டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை வேரிலேயே அடைக்கிறது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரூட்டருடன் நேரில் பேசியாக வேண்டும், பொய்த் துண்டிப்புச் செய்தியும் செல்லாது. பழைய போன்கள் அதில் இணையாது என்பதால், வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் இரண்டும் கலந்த முறையை வையுங்கள். பாஸ்வேர்டு தட்டாமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை மட்டும் அணைத்தே தீர வேண்டும். அதன் எட்டு இலக்க பின்னை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ வெறும் சரிபார்ப்பு இலக்கம். பத்து கோடியாக இருக்க வேண்டிய முயற்சிகள் 11,000 ஆகிவிடுகின்றன. 2011இலேயே வெளிவந்த விஷயம் இது. வைஃபை பெயரை மறைப்பதால் பயன் எதுவும் இல்லை.

உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டினால் ரூட்டரின் அமைப்புப் பக்கம் வரும். அதற்குத் தனி பாஸ்வேர்டு உண்டு, பெரும்பாலும் 'அட்மின்' என்றே கிடக்கும். அதை மாற்றுங்கள். இடி மின்னலுக்குப் பயந்து இரவில் ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கி வைப்பது நம் குமரி மாவட்டத்தில் வழக்கம், தேவையும்கூட. ஆனால் பல ரூட்டர்கள் நள்ளிரவுக்குப் பின்தான் தாமாக அப்டேட் செய்துகொள்ளும். அப்படிப்பட்ட வீட்டில் மாதம் ஒரு முறை, இன்வெர்ட்டரில் மாட்டி, பகலில் கையால் அப்டேட் செய்ய வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் ரூட்டர் உயிர் பெறாமலே போகலாம்.

இனி சிசிடிவி. மகன் துபாயில், பெற்றோர் கருங்கலில். அங்கிருந்தே வாசலைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, மாட்டுபவர் ரூட்டரில் ஒரு 'போர்ட்' திறந்து வைத்துவிட்டுப் போவார். அந்தக் கதவு மகனுக்கு மட்டும் அல்ல, உலகத்துக்கே திறந்தது. இணையத்தின் 430 கோடி பழைய வகை முகவரிகளையும் சில மணி நேரத்தில் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓயாமல் ஓடுகின்றன. 2016இல் மிராய் என்ற நிரல், ஆலையில் வைத்து அனுப்பிய சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் முயன்றே லட்சக்கணக்கான கேமராக்களையும், கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிகளையும், ரூட்டர்களையும் பிடித்தது. அவற்றை ஏவி அக்டோபர் 21 அன்று தளப் பெயர்களுக்கு இணைய முகவரி சொல்லும் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தை முடக்க, ட்விட்டர் போன்ற பெரிய தளங்களே பலருக்குத் திறக்கவில்லை.

ஆகவே டிவிஆரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரூட்டரில் திறந்த கதவுகளைக் காட்டும் 'போர்ட் பார்வர்டிங்' பட்டியலைக் காலி செய்து, கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் யூபிஎன்பி வசதியை அணையுங்கள். இல்லையென்றால் டிவிஆர் தானே மறுபடி கதவைத் திறந்துகொள்ளும். மகன் கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகவே பார்க்கட்டும். வைஃபை கேமராக்கள், ஸ்மார்ட் டிவி இரண்டையும் விருந்தாளிகளுக்கென்று ரூட்டர் தனியாகத் தரும் 'கெஸ்ட்' வைஃபையில் விடுங்கள். அவற்றில் ஒன்று பிடிபட்டாலும் வங்கிச் செயலி உள்ள போன் பக்கம் வர முடியாது.

அடுத்து ஜிமெயில், வாட்ஸ்அப் போன்ற கணக்குகள். இவற்றில் நம் ஊருக்கே உரிய ஆபத்து, வெளிநாடு போனவரின் சிம். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண் துண்டிக்கப்படலாம், அதற்குப் பின் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அன்று முதல் உங்கள் ஜிமெயிலை மீட்கும் ஓடிபி அவர் கைக்குப் போகும். விடுமுறை முடிந்து விமானம் ஏறும் முன் ரீசார்ஜ் ஏற்பாடு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பின் ஆறு இலக்க பின்னைப் போடுங்கள். மின்னஞ்சலுக்கு ஆதென்டிகேட்டர் செயலி வையுங்கள். முதல் நாள் போனில் பதித்த ரகசிய எண்ணையும் கடிகார நேரத்தையும் கலந்து 30 விநாடிக்கு ஒரு முறை அது ஆறு இலக்கம் தரும். சவூதிப் பாலைவனத்தில் சிக்னலே இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

ஆனால் அந்த இலக்கங்களைப் போலித் தளத்தில் நீங்களே தட்டினால், திருடர் உடனே உண்மையான தளத்தில் போட்டு நுழைந்துவிடுவார். பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலேயே இருக்கும் ரகசியச் சாவியான பாஸ்கீ அங்கே ஏமாறாது: தளத்தின் முகவரி ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்திட மறுக்கும். பாஸ்கீ வைக்கட்டுமா என்று கேட்கும் தளங்களில் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகள் தருகிறது, ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும். தாளில் எழுதி, ஒரு பிரதியைக் கூடவே கொண்டுபோங்கள், இன்னொன்றை ஊரில் நிலப் பத்திரக்கட்டு இருக்கும் பீரோவில் வையுங்கள்.