பழைய கோயில் பக்கத்தில் மனையா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் அளந்து பாருங்கள்

தாராசுரம், காஞ்சிபுரம், மாமல்லபுரம், வேலூர்க் கோட்டைப் பக்கம் மனை வாங்குகிறவர்கள் பட்டா பார்க்கிறார்கள், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், வக்கீலிடமும் காட்டுகிறார்கள். எல்லாம் சுத்தமாக இருக்கும், பத்திரமும் பதிவாகிவிடும். அஸ்திவாரம் தோண்டும்போதுதான் மத்தியத் தொல்லியல் துறையிலிருந்து ஆள் வந்து வேலையை நிறுத்துவார். நிலத்தை வாங்க, விற்கத் தடை இல்லை, கட்டத்தான் தடை. அதனால் பதிவு அலுவலகத்தில் யாரும் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

தடைக்குக் காரணம் பழங்காலச் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-இல் இறுக்கப்பட்டது. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிதாக எதுவும் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கிக் கட்டலாம். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோபுரத்திலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து. கோயிலுக்கு வெளியே இருக்கும் காலி இடமும் அந்த எல்லைக்குள் வரலாம். கோபுரத்திலிருந்து 150 மீட்டர் என்று புரோக்கர் காட்டும் மனை, எல்லையிலிருந்து பார்த்தால் 90 மீட்டரில் இருக்கும்.

சின்னம் என்றால் கோயிலோ கோட்டையோதான் என்றும் நினைக்க வேண்டாம். செங்கல்பட்டு வட்டாரத்தில் பெருங்கற்கால ஈமக்காடுகள் (பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த இடங்கள்) பல மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. போய்ப் பார்த்தால் முள்ளுக்காட்டுக்குள் வட்டமாகக் கிடக்கும் உருண்டைக் கற்கள், ஓரமாகத் துருப்பிடித்த ஒரு நீல அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். லேஅவுட் போடுகிறவர் அந்தப் பக்கம் உங்களைக் கூட்டிப் போகவே மாட்டார். ‘இது அறநிலையத் துறை கோயில், தொல்லியல் துறைக்குச் சம்பந்தமில்லை’ என்றாலும் நம்பாதீர்கள். தினம் பூஜை நடக்கும் கோயில்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

100 மீட்டருக்குள் பழைய வீடு வைத்திருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள். வீடு 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்ததென்றால், அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம். ஆனால் இடித்துவிட்டு, அதே அளவில்கூடத் திரும்பக் கட்ட முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஒழுகுகிற ஓட்டு வீட்டை ‘எப்படியும் நம்ம இடம்தானே’ என்று இடித்துத் தரைமட்டமாக்கியது. இன்று மனை சொந்தம், வாசம் வாடகை வீட்டில். மாடி எடுப்பது, பக்கத்தில் ஒரு குளியலறை சேர்ப்பது, இரண்டுமே சட்டத்தின் கண்ணில் புதுக் கட்டுமானம்தான். (பொதுக் கழிப்பறைக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் வீட்டுக் கழிப்பறைக்கு உண்டு.) அதனால் பழைய வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். வீடு எப்போதிருந்து இருக்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி.

‘டெல்லியில் ஆள் இருக்கு, 100 மீட்டருக்குள்ளேயே அனுமதி வாங்கித் தர்றேன்’ என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த அனுமதியைக் கொடுக்கும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் இல்லை. பக்கத்து வீட்டில் மூன்று மாடி நிற்கிறதே என்ற வாதமும் எடுபடாது. ஊராட்சி பிளான் அப்ரூவல், வங்கிக் கடன், கரண்ட் கனெக்‌ஷன் எல்லாம் கையில் இருந்தாலும் அவை என்.ஓ.சி. ஆகிவிடாது.

சரி, 100-க்கும் 300-க்கும் நடுவில் இருக்கிறீர்கள் என்றால் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ (அனுமதி கொடுக்க அரசு நியமித்தவர்) அதை 15 நாளில் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் 2 மாதத்தில் பரிந்துரைக்க வேண்டும், அதிலிருந்து 1 மாதத்தில் முடிவு. காகிதத்தில் கணக்கு அழகாக இருக்கிறது. நடப்பில், ‘குறைபாடு’ என்று ஒரு வரி எழுதித் திருப்பினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) உள்ள சர்வே எண், உட்பிரிவு எண் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். உயரம் எழுதும்போது கைப்பிடிச் சுவர், படிக்கட்டு அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள்.

வாங்குவதற்கு முன் தூரம் தெரிய வேண்டுமா? தொல்லியல் துறையில் வாய்மொழியாகக் கேட்டால் ‘சர்வேயரைப் பாருங்க’ என்பார்கள். சர்வேயர் ‘தொல்லியல் துறையைக் கேளுங்க’ என்பார். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மத்தியத் தொல்லியல் துறையிடம் எழுதிக் கேளுங்கள். ‘என் மனை எத்தனை மீட்டரில் இருக்கிறது?’ என்று கேட்டால், அப்படி ஒரு ஆவணம் இல்லை என்று பதில் வந்துவிடும். அந்தச் சின்னத்தின் அரசிதழ் அறிவிப்பு, பாதுகாக்கப்பட்ட பகுதியின் சர்வே எண்கள், எல்லை வரைபடம் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வேலை தொடங்கிய பிறகு நோட்டீஸ் வந்தால், வாங்க மறுத்துத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஒட்டிவிட்டுப் போவார்கள், பதில் சொல்லும் கெடு அன்றே ஓட ஆரம்பித்துவிடும். வேலையை நிறுத்துங்கள், அளவு வரைபடத்தோடு எழுத்தில் பதில் கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.