கல் கோஸ்டர் செய்யப் போகிறீர்களா? முதலில் தூசியைப் பற்றிப் பேசுவோம்

டம்ளருக்கு அடியில் வைக்கிற கோஸ்டரைக் கல்லில் செய்ய ஆசைப்பட்டு என்னிடம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, எந்த சீலர் (கல்லின் மேல் அடிக்கிற காப்புப் பூச்சு) அடித்தால் பளபளப்பு வரும் என்றுதான். கேட்க வேண்டியதுதான், ஆனால் இரண்டாவதாக. அறுக்கும்போது கிளம்புகிற தூசியை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பல வருடமாகக் கல் அறுத்துப் பிழைக்கிறவன், அதனால் அழுத்தியே சொல்கிறேன்.

பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் நாலு துண்டு, அதிலென்ன பெரிய தூசி என்று தோன்றும். ஒவ்வொரு துண்டுக்கும் நாலு பக்கம் வெட்டு, அப்புறம் ஓரம் மழுக்கணும், மேல்பக்கம் தேய்க்கணும், இதையெல்லாம் ஆங்கிள் கிரைண்டரில் (கையில் பிடித்து அறுக்கிற, தேய்க்கிற மெஷின்) தண்ணீர் இல்லாமல் செய்தால் அறையே வெள்ளையாகிவிடும். கண்ணில் படுகிற புழுதி கொஞ்ச நேரத்தில் தரையில் இறங்கிவிடும். இறங்காமல் காற்றிலேயே நிற்பதுதான் ஆபத்தானது. நுரையீரலின் அடிவரை போகிற துகள் ஏறக்குறைய 4 மைக்ரானோ அதைவிடச் சிறியதோ (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும். அதனால் புழுதி அடங்கிவிட்டது என்று நினைத்து மாஸ்க்கைக் கழற்றுகிற அந்த நேரத்தில்தான் பலர் அதை இழுக்கிறார்கள்.

அந்தத் துகளில் இருப்பது படிகச் சிலிகா, அதாவது குவார்ட்ஸ். உண்மையான கிரானைட்டில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு அதுதான், மணற்கல்லில் பெரும்பகுதியே அது, ஸ்லேட்டிலும் கணிசமாக உண்டு. உள்ளே போன துகள் கரையாது. அதைச் சுற்றி நுரையீரல் தழும்பாகி இறுகும், அதுதான் சிலிகோசிஸ். தழும்பான இடத்தைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது, காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். கல் தச்சர்களின் மூச்சு நோயைப் பற்றி இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700-லேயே எழுதிவிட்டார். 1997-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வேலையிடத்தில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிகாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது.

நாலு கோஸ்டர் அறுத்ததற்காக யாருக்கும் சிலிகோசிஸ் வந்துவிடாது, பயமுறுத்துவது என் நோக்கமும் இல்லை. ஆனால் நாலு நன்றாக வந்தால் அது நாற்பதாகும், தெரிந்தவர்கள் கேட்பார்கள், விற்கத் தொடங்குவீர்கள், முதல் நாள் கை எப்படிப் பழகியதோ அப்படியேதான் நூறாவது துண்டையும் அறுக்கும். பெரும்பாலும் 10 வருடத்துக்கு மேல் ஆன பிறகே நோய் வெளியே தெரியும் என்பதால், இன்றைக்கு இருமல் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சரி, எப்படி அறுப்பது? தண்ணீர் விட்டுத்தான். டைல் வெட்டுகிற சிறிய ஈர ரம்பம், பல் இல்லாமல் விளிம்பு முழுசாக இருக்கிற டைமண்ட் பிளேடு, இது போதும், ஓரமும் சில்லு தெறிக்காமல் வரும். சாதாரண கிரைண்டரில் தண்ணீர் ஊற்றி அறுப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும். ஈர வேலைக்கென்று செய்த மெஷினாக இருக்க வேண்டும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கிற பிரேக்கரும் அந்த லைனில் இருக்க வேண்டும். தேய்ப்பதும் ஈரமாகவே: நீர் தாங்கும் உப்புத்தாளில் சொரசொரப்பான 120-ஆம் நம்பரில் தொடங்கி 220, 400 என்று நைசாக ஏறிக்கொண்டே போகலாம். கோஸ்டருக்கு அங்கேயே நிறுத்திக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் கண்ணாடி மாதிரி மெருகேற்றிய கல்லில் குளிர்ந்த டம்ளரின் தண்ணீர் தேங்கி, டம்ளரைத் தூக்கும்போது கோஸ்டரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து கீழே விழும்.

தண்ணீர் விட்டாலும் மாஸ்க் வேண்டும். துணி மாஸ்க்கும் கைக்குட்டையும் இதற்கு உதவாது. குறைந்தது என்95, அதுவும் முகத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். கழற்றியதும் உள்பக்கம் பாருங்கள், மூக்கோரம் சாம்பல் கோடு விழுந்திருந்தால் அந்த வழியாகக் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். தாடி வைத்தவர்களுக்கு இந்த மாஸ்க் சரியாகப் படியாது.

கல்லைப் பொறுத்தவரை, மார்பிளும் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் கால்சைட் என்ற கனிமம் என்பதால் சிலிகா குறைவு, ஆனால் எலுமிச்சைச் சாறோ ஒயினோ சிந்தினால் மங்கிய வட்டம் விழும், சீலர் கறையைத் தடுக்குமே தவிர இந்த அமில அரிப்பைத் தடுக்காது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பச்சை செர்பென்டைனையும் மாக்கல்லையும் நான் தொடுவதில்லை. அவற்றில் சிலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கும்.

பலர் கோட்டை விடுகிற இடம் கடைசியில் வருகிறது. அறுத்து முடித்த தண்ணீரில் இருக்கிற கல்சேறு காய்ந்தால் மறுபடி அதே தூசிதான். ஈரமாக இருக்கும்போதே வழித்து ஒரு பையில் கட்டுங்கள், சாக்கடையில் ஊற்றினால் இறுகி அடைத்துக்கொள்ளும். தரையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சட்டையைத் தட்டி உதறாதீர்கள், கழற்றித் தனியாகத் துவையுங்கள், குளித்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்குங்கள்.