மருத்துவ ஆய்வுப் படிவத்தில் ‘பரவாயில்லை’ என்று டிக் போடாதீர்கள்

“இந்த முழங்கால் வலி அடியோடு போக எவ்வளவு பணம் கொடுப்பீர்கள்?” ஆரோக்கியத்துக்கு மக்கள் தரும் மதிப்பை இப்படியும் கேட்டு அளக்கலாம். கூலி வேலைக்குப் போகும் அம்மா 500 ரூபாய் என்பார், கடை முதலாளி ஒரு லட்சம் என்பார். வலி இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் கையில் இருக்கும் காசும் பதிலில் சேர்ந்துகொள்கிறது. அதனால் சிகிச்சைகளின் செலவையும் பலனையும் எடைபோடும் சுகாதாரப் பொருளாதாரத்தில் இருக்கும் எங்களில் பலர் பணத்தை விட்டுவிட்டு ஆயுளை வைத்துக் கேட்கிறோம்.

ஒரு நோய்நிலையை விவரித்து, “இப்படியே 10 வருடம் வாழ்வதும், எந்த நோயும் இல்லாமல் அதைவிடக் குறைந்த காலம் வாழ்வதும் எத்தனை வருடத்தில் உங்களுக்குச் சமமாகும்?” என்போம். 7 என்றால் அந்த நிலையின் மதிப்பு 0.7. முழு நலம் 1, மரணம் 0. மரணத்தைவிட மோசம் என்று மக்கள் சொல்லும் நிலைகளும் உண்டு. அவை மைனஸில் போகும்.

களத்தில் இது லேசான கேள்வி இல்லை. “பொண்ணு கல்யாணம் முடியணும், ஒரு வருஷம்கூட விட்டுத்தர மாட்டேன்” என்பவர்கள் உண்டு. “ஆயுசு கடவுள் கையில” என்று பேச்சை முடிப்பவர்களும் உண்டு. இவர்களை வற்புறுத்தக் கூடாது. ஆனால் வருடத்தை விட்டுத்தராதவரின் பதில், அந்த நிலையில் எந்தக் குறையும் இல்லை என்று கணக்கில் ஏறிவிடுகிறது. இது இந்த முறையின் உண்மையான பலவீனம் என்றே நினைக்கிறேன். இருந்தும் பணக் கேள்வியைவிட இது நியாயமானது.

இப்படிப் பொதுமக்களிடம் கேட்டுத் திரட்டிய இந்தியாவின் சொந்த மதிப்பெண் அட்டவணை 2022இல் வெளியானது. அதுவரை வேறு நாட்டு மக்களின் பதில்களைக் கடன் வாங்கித்தான் கணக்குப் போட்டோம். நம் மக்கள் மதிப்பை அதிகம் குறைத்தது கடும் வலிக்கு.

சரி, இதில் நோயாளிக்கு என்ன வேலை? ஆய்வுக்காக ‘ஈக்யூ ஃபைவ் டி’ என்ற சிறு படிவம் தருவார்கள். நடமாட்டம், குளிப்பது உடுத்துவது, அன்றாட வேலை, வலி, கவலை என ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ‘பிரச்சினை இல்லை’ என்பதில் தொடங்கி மிகக் கடுமை வரை ஐந்து படிகள். மொத்தம் 3125 நிலைகள் வரும். நீங்கள் போடும் டிக் அந்த அட்டவணை வழியாக எண்ணாகிறது. ஒரு சிகிச்சை உங்களை 0.6இலிருந்து 0.8க்கு உயர்த்தி 5 வருடம் நீடித்தால், முழு நலத்தோடு ஒரு வருடம் கிடைத்ததாகக் கணக்கு. அந்த ஒரு வருடத்துக்கு ஆகும் கூடுதல் செலவை நாட்டின் தனிநபர் உற்பத்தியோடு, அதாவது நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியில் ஒரு ஆளுக்கு வரும் பங்கோடு (2 லட்சம் ரூபாய்க்கு மேல்) ஒப்பிடுவார்கள். அரசு எந்தச் சிகிச்சைக்குச் செலவிடலாம் என்று பரிந்துரைக்க, மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை 2017இல் தொடங்கிய அமைப்பு இப்படித்தான் பார்க்கிறது.

ஆகவே “ஏதோ இருக்கேன், பரவாயில்லை” என்ற வழக்கமான பதிலைப் படிவத்தில் எழுதிவிடாதீர்கள். இன்றைக்கு வலி எப்படியோ அதைச் சொல்லுங்கள். கவலை பற்றிய கேள்வியை ஆண்கள் பெரும்பாலும் ‘இல்லை’ என்று தாண்டிவிடுகிறார்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு. அப்புறம், அப்பாவுக்குப் பதிலாக மகன் முந்திக்கொண்டு சொல்வதும் வேண்டாம். அவரால் பேசவே முடியாது என்றால், உறவினர் பதில் சொல்வதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.